குழாயைச் சோதித்த கை: டாக்டர் கெல்ஸ், ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தின் பல் மருத்துவர் சார்லஸ் எட்மண்ட் கெல்ஸ் 1928 மே 7 அன்று தன் மருத்துவமனையிலேயே உயிரை மாய்த்துக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 71. அதற்குள் எக்ஸ்ரே கதிர் அவரிடமிருந்து முதலில் விரல்களைப் பறித்தது, பிறகு உள்ளங்கையை, பிறகு கையையே பறித்துவிட்டது. அறுவைச் சிகிச்சை மேல் அறுவைச் சிகிச்சை. புற்று நிற்கவில்லை.

"பல்லுக்கு எக்ஸ்ரே எடுத்தா கேன்சர் வருமா டாக்டர்?" என்று என் நாற்காலியில் உட்கார்ந்து கேட்பவர்களிடம் இந்தக் கதையைச் சொல்ல நேரம் இருப்பதில்லை. காத்திருக்கும் கூட்டம் அப்படி. ஆனால் அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் இவர் கதைக்குள்தான் இருக்கிறது. பல் எக்ஸ்ரே ஆளைக் கொன்றிருக்கிறதா? கொன்றிருக்கிறது. யாரை, எந்த வேலை செய்யும்போது, எத்தனை ஆண்டுகள் திரும்பத் திரும்பப் பட்ட பிறகு என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஆள் எப்படிப்பட்டவர்

1856-ல் பிறந்தவர். அப்பாவும் பல் மருத்துவர். மகன் 1878-ல் நியூயார்க்கில் படிப்பை முடித்துவிட்டு ஊர் திரும்பினார். மின்சாரம், மோட்டார், குழாய் என்று எதையாவது பிரித்துப் பூட்டிக்கொண்டே இருக்கும் கை அவருக்கு. அறுவைச் சிகிச்சையில் ரத்தத்தை உறிஞ்சி எடுக்கும் கருவியும் அந்தக் கையில் உருவானதுதான். 1885-ல் மால்வினா குவேரியா என்ற பெண்ணை உதவியாளராகச் சேர்த்துக்கொண்டார். பல் மருத்துவ உதவியாளர் என்ற வேலையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இவர்கள் இருவரிடமிருந்துதான் தொடங்குவார்கள். அந்தக் காலத்தில் பெண்கள் துணையில்லாமல் பல் மருத்துவரிடம் போவது வழக்கமில்லை. உள்ளே ஒரு பெண் இருக்கிறாள் என்று தெரிந்த பிறகு தனியாகவே வரத் தொடங்கினார்கள். (இந்த உதவியாளர் விஷயத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.)

ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டது 1895 நவம்பர் 8. செய்தி வெளியே வந்த சில வாரங்களில், 1896 ஜனவரியில், ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் ஊரில் ஓட்டோ வால்கோஃப் என்ற பல் மருத்துவர் தன் வாய்க்குள் சிறிய கண்ணாடித் தட்டை வைத்துப் படம் எடுக்கச் செய்தார். 25 நிமிடம். அசையக் கூடாது, எச்சில் விழுங்கக்கூட யோசிக்க வேண்டும். உலகின் முதல் பல் எக்ஸ்ரே அது என்பார்கள்.

அதே ஆண்டு நியூ ஆர்லியன்ஸின் டுலேன் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர் பிரவுன் அயர்ஸ் இந்தப் புதுக் கதிரைப் பற்றிச் செயல்முறையோடு பேசினார். கெல்ஸுக்கு அது போதுமானதாக இருந்தது. கருவிகளை வரவழைத்தார், தானே பூட்டினார், சில மாதங்களில் நோயாளிகளின் பற்களைப் படம் எடுத்தார். 1896 ஜூலையில் வட கரோலினாவின் ஆஷ்வில் நகரில் கூடிய பல் மருத்துவர்கள் முன்னால் செய்தும் காட்டினார். அமெரிக்காவில் முதலில் எடுத்தது இவரா, நியூயார்க்கின் டாக்டர் மார்ட்டனா என்று ஒரு பழைய விவாதம் உண்டு. அது நமக்குத் தேவையில்லை.

நமக்குத் தேவையானது இரண்டு விவரங்கள். ஒன்று, நோயாளி பிலிமை விரலால் பிடித்தால் அது ஆடும், படம் கலங்கும் என்று கண்டு, பிலிமைத் தாங்கிப் பிடிக்க ஒரு சட்டத்தை ஆரம்பத்திலேயே செய்துவிட்டார். பிலிம் பல்லுக்கு இணையாக நிற்க வேண்டும், கதிர் நேர்குத்தாக விழ வேண்டும் என்று அவர் அப்போது சொன்னதைத்தான் இன்றும் கல்லூரியில் சொல்லிக்கொடுக்கிறோம். இரண்டாவது, 1899-ல் வேர்ச் சிகிச்சையின் (இன்று ஆர்சிடி என்கிறோம்) நடுவே பல்லின் வேருக்குள் ஈயக் கம்பி ஒன்றை விட்டு, படம் எடுத்து, வேரின் நீளத்தை அளந்தார். இன்று ஆர்சிடி செய்துகொள்கிறவர், பல்லில் ஊசி மாதிரி ஒன்று நிற்க, "ஆ" என்று வாயைத் திறந்தபடி படம் எடுத்துக்கொள்கிறாரே, அதன் மூலம் அந்த ஈயக் கம்பிதான்.

கை எப்படி மீட்டர் ஆனது

இவ்வளவு கவனமான மனிதரின் கை எப்படிப் போனது? நோயாளிகளைப் படம் எடுத்ததால் என்று நினைப்போம். பாதிதான் சரி.

அன்றைய எக்ஸ்ரே குழாய்க்குள் கொஞ்சம் காற்று மிச்சம் இருக்கும். அந்த மிச்சக் காற்றில்தான் மின்சாரமே ஓடும். ஓட ஓட அந்தக் காற்று குறையும், குழாயின் குணம் மாறும். காலையில் மென்மையான கதிர் தரும் குழாய் மதியம் ஊடுருவும் கதிர் தரும். ஒரே குழாய், ஒரே மின்சாரம், படம் மட்டும் ஒரு நாளைப் போல இன்னொரு நாள் வராது. அதை அளக்க மீட்டர் எதுவும் கிடையாது. எனவே ஒவ்வொரு நோயாளிக்கும் முன்னால் குழாயைச் சோதித்துச் சரிசெய்ய வேண்டியிருந்தது.

சோதனை இப்படி. இருட்டாக்கிய அறை. குழாய் பச்சையாக மினுங்குகிறது. மருத்துவர் ஒரு கையில் ஃப்ளோரோஸ்கோப் என்ற ஒளிர்திரைப் பெட்டியைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்துக்கொள்வார். இன்னொரு கையைக் குழாய்க்கும் பெட்டிக்கும் நடுவே நீட்டுவார். திரையில் அவருடைய கை எலும்புகள் தெரியும். சதை மங்கி, எலும்பின் ஓரங்கள் திருத்தமாகத் தெரியும்வரை குழாயைத் திருகிச் சரிசெய்வார். தெரிந்ததா, சரி, இப்போது நோயாளியைக் கூப்பிடலாம்.

ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு படத்துக்கும் முன்னால், அதே கை. நோயாளி வருவார், போவார். அந்தக் கை மட்டும் அங்கேயே இருந்தது. பிலிமுக்குத் தாங்கி செய்து வைத்தவர், குழாய்க்குக் கையையே கருவியாக வைத்தார்.

அவருக்கு வலித்திருந்தால் நிறுத்தியிருப்பார். வலிக்காது என்பதுதான் இந்தக் கதிரின் குணம். சுடாது, மணக்காது, தெரியாது. தோல் சிவப்பது பிறகு, வறண்டு வெடிப்பது அதற்கும் பிறகு, மரு போலக் கிளம்பிப் புற்றாவது பல ஆண்டுகள் கழித்து. அடுப்பில் கை வைத்த குழந்தைக்கு அடுத்த நொடியே பாடம் கிடைத்துவிடும். இங்கே பாடம் வந்து சேரும்போது வாங்கிக்கொள்ள விரல் இருக்காது. அதிலும் கெல்ஸுக்கு முதல் சில ஆண்டுகள் ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததே அவரைத் துணிய வைத்தது.

கை வைத்துச் சோதிக்கும் வேலைக்கு முடிவு கட்டியது வில்லியம் கூலிட்ஜ். 1913-ல் அவர் செய்த குழாயில் காற்றை நம்பும் வேலையில்லை. சூடான கம்பியிலிருந்து எலக்ட்ரான் வரும். எவ்வளவு கதிர், எவ்வளவு ஊடுருவல் என்று இரண்டையும் தனித்தனியாகத் திருகி வைத்துக்கொள்ளலாம். கெல்ஸின் கைக்கு அது தாமதமாகத்தான் வந்தது.

பாஸ்டனிலிருந்து வந்த எச்சரிக்கை

யாருக்கும் தெரியாமல் நடந்தது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. 1896 முடிவதற்குள்ளேயே எலிஹு தாம்சன் என்ற பொறியாளர் தன் சுண்டுவிரலை வேண்டுமென்றே கதிரில் காட்டி, அது வெந்துபோவதைப் பதிவு செய்திருந்தார். எடிசனின் உதவியாளர் கிளாரன்ஸ் டாலி இதே கதிரால் 1904-ல் இறந்தார். எடிசன் அந்த ஆராய்ச்சியையே கைவிட்டார்.

எனக்கு இதில் மிகவும் உறுத்துவது வில்லியம் ரோலின்ஸின் கதை. அவரும் பல் மருத்துவர்தான், பாஸ்டன்காரர். 1898-ல் தன் கை வெந்ததும் காரணத்தைத் தேடினார். தீக்காயம் மின்சாரத்தால் வருகிறது, கதிரால் இல்லை என்று அப்போது ஒரு பெரிய கூட்டமே நம்பியது. ரோலின்ஸ் கினிப் பன்றிகளை மின்சாரம் தீண்டாதபடி பெட்டிக்குள் வைத்துக் கதிரை மட்டும் பாய்ச்சினார். அவை செத்தன. 1901-ல் அதை மருத்துவ ஏட்டில் எழுதினார். கூடவே மூன்று வழிகளையும் சொன்னார்: பார்க்கிறவர் கதிரை மறைக்கும் கண்ணாடி அணிய வேண்டும்; குழாயைக் கதிர் கசியாத உறைக்குள் வைக்க வேண்டும்; படம் எடுக்கும் இடம் தவிர நோயாளியின் மற்ற பாகத்தை மூட வேண்டும்.

இன்றைக்கு எந்தப் பல் எக்ஸ்ரே இயந்திரத்தையும் பிரித்துப் பாருங்கள். இரண்டாவது வழி அப்படியே உலோக உறைக்குள் உட்கார்ந்திருக்கும். ஆனால் 1901-ல் அவரைப் பெரும்பாலானவர்கள் பொருட்படுத்தவில்லை. அந்த ஆண்டில் கெல்ஸின் கையும் இன்னும் முழுசாகத்தான் இருந்தது.

1936-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் கதிர்வீச்சால் உயிரிழந்த முன்னோடிகளுக்கு ஒரு நினைவுக்கல் வைத்தார்கள். முதலில் பொறித்தவையே 169 பெயர்கள். மருத்துவர்கள், தொழில்நுட்பர்கள், செவிலியர்கள். கதிரோடு தினமும் வேலை செய்தவர்கள்.

படம் பொய் சொன்ன காலம்

கெல்ஸின் கதையில் பலரும் விட்டுவிடும் ஒரு பகுதி உண்டு. எனக்கு அது கையைவிட முக்கியமாகப் படுகிறது.

1910-ல் வில்லியம் ஹன்டர் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் பேசினார். வாயில் தேங்கும் சீழ்தான் உடம்பின் பல நோய்களுக்கு மூலம் என்பது சாரம். அது தீயாகப் பரவியது. மூட்டு வலியா, சோர்வா, வயிற்றுக் கோளாறா, பல்லைப் பிடுங்கு. எதைப் பிடுங்குவது என்று காட்ட எக்ஸ்ரே வந்து சேர்ந்தது. வேர் நுனியில் ஒரு கறுப்பு நிழல் தெரிந்தால் போதும், மருத்துவர் சீட்டு எழுதி அனுப்புவார், பல் மருத்துவர் பிடுங்குவார். நல்ல பற்கள் கூடை கூடையாகப் போயின.

1920-ல் கெல்ஸ் பல் மருத்துவர்கள் முன்னால் எழுந்து இதைக் கண்டித்தார். மருத்துவர் சொன்னார் என்பதற்காகப் பிடுங்காதே, மறுப்பது உன் கடமை என்றார். நாட்டில் எக்ஸ்ரேவை முதலில் வாய்க்குள் வைத்தவர்களில் ஒருவர், அதற்காகக் கையை இழந்துகொண்டிருந்தவர், அந்தப் படத்தைக் கண்மூடி நம்பாதே என்று சொன்னார்.

ஏன் சொன்னார் என்று புரிய ஓர் எடுத்துக்காட்டு. கீழ்த்தாடையில் சிறுகடைவாய்ப் பற்களின் வேருக்குக் கிட்டத்தில், உதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்வு தரும் நரம்பு எலும்பிலிருந்து வெளியே வர இயற்கையே ஒரு துளை வைத்திருக்கிறது. படத்தில் அந்தத் துளை சில நேரம் சரியாக வேர் நுனியில் வந்து உட்காரும். பார்க்க அச்சு அசலாகச் சீழ்க்கட்டி போலவே இருக்கும். கோணத்தைக் கொஞ்சம் மாற்றி இன்னொரு படம் எடுத்தால் நிழல் வேரைவிட்டு நகர்ந்துவிடும். பல்லில் குளிர்ச்சி வைத்துச் சோதித்தால் பல் உயிரோடு இருப்பது தெரிந்துவிடும். மாணவனாக இருந்தபோது நானும் ஒரு முறை இதைக் கட்டி என்று சத்தமாகச் சொல்லி, வார்டு முழுக்கச் சிரிப்பு வாங்கியிருக்கிறேன்.

எதிர்ப்பக்கமும் உண்டு. எலும்பில் கணிசமான பங்கு கரைந்த பிறகுதான் படத்தில் கறுப்பு தெரியும். படம் சுத்தமாக இருக்கும், பல் மட்டும் இரவெல்லாம் விண் விண்ணென்று தெறிக்கும். முப்பரிமாணப் பொருளின் நிழலைச் சுவரில் பார்க்கிற கதைதான்.

அப்படியென்றால் எதற்கு எடுக்க வேண்டும்? கண்ணுக்குத் தெரியாத இடங்கள் வாயில் அத்தனை இருக்கின்றன. இரண்டு கடைவாய்ப் பற்கள் ஒட்டிக்கொள்ளும் இடுக்கில் சொத்தை தொடங்கினால் மேலிருந்து பார்க்கும் எவருக்கும் தெரியாது. தெரியும்போது நரம்பு வரை போயிருக்கும். இதற்காகத்தான் ஹோவர்ட் ரேப்பர் 1925-ல் கடித்துப் பிடிக்கும் சிறிய பிலிமைக் கொண்டுவந்தார். மேல் வரிசை, கீழ் வரிசை இரண்டின் இடுக்குகளும் ஒரே படத்தில் விழும். பைட்விங் என்கிறோம். ஈறு நோயில் எலும்பு எவ்வளவு இறங்கியிருக்கிறது, ஞானப்பல் எந்தப் பக்கம் படுத்திருக்கிறது, நரம்புக்கு எவ்வளவு கிட்டே என்பதெல்லாம் படம் இல்லாமல் ஊகம்தான். ஊகித்துப் பிடுங்கிய ஞானப்பல்லால் உதடு மரத்துப்போய் வருகிறவர்களை யாராவது எனக்கு அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இன்றைய கணக்கு

வால்கோஃப் 25 நிமிடம் உட்கார்ந்தார். இன்று பிலிமுக்குப் பதிலாக வாய்க்குள் வைக்கும் சென்சாரில் எடுக்கும் படத்துக்கு ஒரு நொடியில் சிறு பங்கு போதும். "எடுத்தாச்சா?" என்று கேட்கிறவர்கள்தான் அதிகம்.

அளவைச் சொல்ல மைக்ரோசீவர்ட் என்ற அலகு. ஒரு பல்லுக்கான சின்னப் படம், நாங்கள் ஐஓபிஏ என்போம், ஏறத்தாழ 1 முதல் 8 வரை. வாய் முழுவதையும் சுற்றி எடுக்கும் ஓபிஜி பெரும்பாலும் 10-லிருந்து 25-க்குள். ஒப்பிட ஒன்று வேண்டுமே: மண், காற்று, வானம், சாப்பாடு என்று இயற்கையிலிருந்து உலகில் ஒரு மனிதர் சராசரியாக வாங்கிக்கொள்வது ஆண்டுக்கு 2,400, நாளுக்கு 6 அல்லது 7. ஆக, சின்னப் படம் ஒன்று என்பது சும்மா வீட்டில் இருந்தாலே ஒரு நாளில் கிடைப்பதற்குப் பக்கத்தில். கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் மோனசைட் மணல் இருக்கிறது. அங்கே இயற்கையே மற்ற ஊர்களைவிட அதிகமாகக் கொடுக்கிறது. அதே வகை மணல் உள்ள கேரளத்துக் கருநாகப்பள்ளியில் ஏறத்தாழ 70,000 பேரைப் பத்து ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து பார்த்து 2009-ல் வெளியிட்ட ஆய்வில், அந்தக் கதிரால் புற்று கூடியதாகத் தெரியவில்லை.

ஆனால் எல்லாப் பல் படமும் ஒன்றல்ல. இதை என் சகாக்களே மழுப்புவார்கள். சிபிசிடி என்ற முப்பரிமாணப் படம், எடுக்கும் பரப்பைப் பொறுத்துச் சில பத்துகளில் தொடங்கிப் பல நூறு மைக்ரோசீவர்ட் வரை போகும். இம்பிளான்ட் என்ற செயற்கைப் பல்வேர் வைக்க, சிக்கலான ஞானப்பல்லை எடுக்க அது தேவை. ஒரு சொத்தையைப் பார்க்க அது தேவையில்லை. இயந்திரம் வாங்கிய கடனுக்கு மாதத் தவணை கட்ட வேண்டுமே என்று எடுக்கப்படும் படம் எந்தக் கணக்கிலும் சேராது. "ஆறு மாசத்துக்கு ஒரு தடவை எல்லாருக்கும் ஃபுல் எக்ஸ்ரே" என்பதும் அப்படித்தான். அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டியே, சொத்தை வரும் அபாயம் குறைவாக உள்ள பெரியவர்களுக்கு பைட்விங்கை 24 முதல் 36 மாதத்துக்கு ஒரு முறை எடுத்தால் போதும் என்கிறது. வாயைப் பார்த்த பிறகே படம் தேவையா என்று முடிவு செய்ய வேண்டும். படம் எடுத்துவிட்டு வாயைப் பார்க்கிற பழக்கம் தலைகீழ்.

கர்ப்பிணி என்றால் வீட்டார் மொத்தமும் எதிர்ப்பார்கள். மாமியார் ஒருவர் என்னிடம், "குழந்தை பொறக்கட்டும் டாக்டர், அதுவரைக்கும் மாத்திரையில ஓட்டலாம்" என்றார். மருமகளுக்குக் கன்னம் வீங்கிக் காய்ச்சல் வேறு. கதிர்க் கற்றை பல்லை நோக்கிப் போகிறது. வயிற்றை எட்டுவது மிக மிகக் குறைவு. பரவும் சீழும் காய்ச்சலும் அப்படியில்லை. அமெரிக்க மகப்பேறு மருத்துவர்களின் சங்கமும் தேவையான பல் எக்ஸ்ரேவைக் கர்ப்ப காலத்தில் தள்ளிப்போட வேண்டாம் என்றே சொல்கிறது. அந்தப் பெண்ணுக்கு ஒரே ஒரு படம் எடுத்து, அன்றே சீழை வெளியேற்றினோம்.

ஈய ஏப்ரன் பற்றி ஒரு வார்த்தை. அதைப் போடாவிட்டால் மருத்துவமனை மேலேயே சந்தேகப்படுகிறார்கள். 2024-ல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் நோயாளிகளுக்கு ஏப்ரனும் தைராய்டு பட்டையும் வழக்கமாகப் போடுவதை நிறுத்தலாம் என்று சொல்லிவிட்டது. கற்றை இன்று அவ்வளவு குறுகியது. ஓபிஜியில் பட்டை படத்தையே மறைத்து, மறுபடி எடுக்க வைத்துவிடும். கற்றையைச் செவ்வகமாகக் குறுக்கும் உலோக முனையைப் பூட்டினால் நோயாளி வாங்கும் கதிர் பாதிக்கும் கீழே போகும். ஏப்ரன் கண்ணுக்குத் தெரிகிறது, முனை தெரிவதில்லை. நான் இன்னும் கேட்பவர்களுக்கு ஏப்ரன் போட்டுவிடுகிறேன். மனசுக்கு நல்லது.

விரல்

இந்தியாவில் எக்ஸ்ரே இயந்திரம் வைத்திருப்பவர் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் ஈ-லோரா தளத்தில் பதிந்து அனுமதி பெற வேண்டும். கதிரோடு வேலை செய்கிறவருக்கு ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (ஒன்று என்பது ஆயிரம் மைக்ரோசீவர்ட்) என்று வரம்பு உண்டு, பொதுமக்களுக்கு 1, இயற்கையில் கிடைப்பது போக. தாள்கள் எல்லாம் சரியாகவே இருக்கும். ஆனால் அறைக்குள் போய்ப் பாருங்கள்.

நான் போய்ப் பார்த்த ஒரு மருத்துவமனையில், நல்ல பரபரப்பான இடம், சென்சார் தாங்கி அலமாரி இழுப்பறைக்குள் உறை பிரிக்காமல் கிடந்தது. இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இருக்கும் உதவியாளர் பெண், சிறுவன் ஒருவனின் வாய்க்குள் சென்சாரை ஆள்காட்டி விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் அவன் தலையைத் தாங்கி, "சார், அழுத்துங்க" என்றாள். கற்றை நேராக அந்த விரல் வழியாகத்தான் போகிறது. பிலிமை விரலால் பிடித்த பல் மருத்துவர்களின் விரல்களில் தோல் கெட்டுப் புற்று வந்ததைக் கெல்ஸுக்குப் பிறகும் மருத்துவ ஏடுகள் பதிந்திருக்கின்றன. இரண்டு மீட்டர் தள்ளி, கற்றைக்குப் பக்கவாட்டிலோ பின்னாலோ நிற்க வேண்டியவள் அவள்.

"ஹோல்டர் வச்சா சின்னப் பசங்க கக்கிடறாங்க சார், மறுபடி மறுபடி எடுக்க வேண்டியிருக்கு" என்றாள். அதுவும் உண்மைதான். வாய் சின்னது, சென்சார் தடிமன்.

அடுத்தும் ஒரு குழந்தை. ஆறு வயது, பால் கடைவாய்ப் பல்லில் வலி. தாங்கியை எவ்வளவு சொல்லியும் கடிக்க மாட்டேன் என்றாள். யாராவது பிடித்தே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால் பணியாளர் பிடிக்கக் கூடாது, கூட வந்தவர் பிடிக்கலாம் என்பது விதி. அம்மாவைக் கூப்பிட்டு, அங்கே ஆணியில் தொங்கிய ஈய ஏப்ரனை மாட்டிவிட்டேன். சென்சாரை நீளக் கவ்வியில் பொருத்தி, விரல் கற்றைக்குள் வராதபடி எப்படிப் பிடிப்பது என்று காட்டினேன். அவர் தயங்கினார்.

"நான் பிடிச்சா எனக்கு ஒண்ணும் ஆகாதா டாக்டர்?"

"நீங்க பிடிக்கிறது இந்த ஒரு தடவைம்மா. இந்தப் பொண்ணு இன்னைக்கே பன்னிரண்டு தடவை பிடிச்சாச்சு."

அவர் உதவியாளரின் கையைப் பார்த்தார். பிறகு கவ்வியை வாங்கிக்கொண்டார்.